தையல் வகுப்பு, பாகம் மூன்று

அவரைப் பற்றி நல்லதாக நாலு வரி எழுத எனக்கு அருகதை இல்லை. இருந்தும் எழுதுகிறேன். ஏழு வருடம் அவரோடு ஒரே கூரைக்குக் கீழே, ஒரே மின்விசிறிக் காற்றில் வேலை செய்தவன் நான் ஒருவன்தான். அவருடைய பிழைப்பைக் கெடுத்தவனும் நான்தான். அதை எப்படிச் செய்தேன் என்று முதலிலேயே சொல்லத் தொடங்கினால் பேச்சு முழுக்க என்னைப் பற்றியே போய்விடும். அது எனக்குப் பழகிய வியாதி.

திருகோணமலையில் உட்துறைமுகத்தைப் பார்த்தபடி போகும் வீதியில் ஒரு சின்னக் கடை. முன்பாதி என்னுடையது, கைத்தொலைபேசி திருத்துகிற இடம். பின்பாதி அவருடையது. நடுவில் ஓர் இரும்பு அலுமாரி நின்றது. அதுதான் எங்களுக்குச் சுவர். அவர் கிண்ணியாவிலிருந்து காலை பஸ்ஸில் வருவார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அங்கே அக்காவை ராத்தா என்பார்கள். நானும் ராத்தா என்றே கூப்பிட்டேன். அவர் என்னைத் தம்பி என்றார், ஆனால் ஒருநாளும் நீ, வா என்று பேசியதில்லை.

அவருடைய தொழில் பழைய கசெட்டுகளை இறுவட்டில், அதாவது சீடியில், பதிந்து கொடுப்பது. ஒரு காலத்தில் சவுதிக்கும் குவைத்துக்கும் வேலைக்குப் போனவர்கள் கடிதத்துக்குப் பதிலாகக் கசெட்டில் பேசி அனுப்புவார்கள். எழுதத் தெரியாததால் பேசியவர்கள் உண்டு. எழுதத் தெரிந்தும், பிள்ளைக்குத் தன் குரல் மறந்துவிடக்கூடாதே என்று பேசியவர்களும் உண்டு. கிண்ணியா, மூதூர்ப் பக்கத்து வீடுகளில் தகரப் பெட்டிகளுக்குள் கிடந்த அந்தக் கசெட்டுகள் பூஞ்சணம் பிடித்து, நாடா ஒட்டிப்போய் அவரிடம் வரும். கழற்றித் துடைத்து, கணினியில் ஏற்றி, சீடியில் எழுதிக் கொடுப்பார். பென்டிரைவில் கேட்டால் தரமாட்டார்.

"பென்டிரைவெண்டா வீட்டில ஆரும் அழிச்சுப்போட்டுப் பாட்டு ஏத்திருவாங்க தம்பி. இத அழிக்க ஏலாது" என்பார்.

ஒவ்வொரு கசெட்டையும் தொடக்கத்திலிருந்து முடிவுவரை கேட்பார். எங்கே நாடா இழுக்கிறது, எங்கே சத்தம் மங்குகிறது என்று பார்க்க வேண்டுமல்லவா? காதுகளில் பெரிய ஹெட்போன், கையில் பென்சில், அவ்வளவுதான். இடைக்கிடை தனியாகச் சிரிப்பார். சில நாள் நாடாவை நிறுத்திவிட்டு எழும்பிப் போய், வாசலில் நின்று கப்பல்களைப் பார்த்துவிட்டு ஐந்து நிமிடத்தில் திரும்பி வருவார்.

"என்ன ராத்தா?"

"காத்து வாங்கினனான்."

"கசெட்டில என்ன கதை?"

"எனக்குக் கேக்கிற வேலைதான் தம்பி. சொல்லுற வேலை நான் எடுக்கேல்ல."

இதுதான் அவர். ஊரில் பாதி வீடுகளின் இரகசியம் அந்தக் காதுக்குள் போனது. ஒரு சொட்டுக்கூட வெளியே வரவில்லை. யாருடைய மாமி யாரோடு சண்டை, யார் காசை யார் மறைத்தார்கள், யார் அங்கே போய் இன்னொரு கலியாணம் முடித்தார்கள் எல்லாம் அவருக்குத் தெரிந்திருக்கும். அந்த வீட்டு ஆட்கள் கடைக்கு வந்தால், அவர்களை முதல்முறை பார்ப்பதுபோலக் கதிரையை இழுத்துப் போடுவார்.

ஒருமுறை ஒரு மனிதர் வந்து மேசையில் கையை ஊன்றிக்கொண்டு நின்றார். அவருடைய மனைவி முதல்நாள்தான் ஒரு கசெட் தந்துவிட்டுப் போயிருந்தார். "அதில அவ என்ன சொல்லியிருக்கா எண்டு எனக்குத் தெரியோணும். நான் அவட மாப்பிள்ளை" என்றார். ராத்தா ஹெட்போனைக் கழற்றாமலே, "நல்லது. அப்ப வீட்ட போய் அவட்டயே கேளுங்க" என்றார். மனிதர் சத்தம் போட்டார். நான் எழும்பிப் போனேன், ஏதோ பெரிய வீரன்போல. அதற்குள் ராத்தா கசெட்டை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டித் திறப்பை முந்தானையில் முடிந்துவிட்டார். சண்டை அங்கேயே முடிந்தது.

எனக்கு அப்படியே எதிர்க்குணம். திருத்த வந்த போனில் பார்த்ததை, கேட்டதை, பாதி விளங்கியதைக்கூட யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. முதலில் அவரிடம்தான் சொல்லுவேன். நான் வாயைத் திறந்ததும் அவர் ஹெட்போனை மாட்டிக்கொள்வார். தலையை ஆட்டிக்கொண்டே இருப்பார். ஒருநாள் எட்டிப் பார்த்தேன், கசெட் ஓடவே இல்லை. வெறும் ஹெட்போன்! எனக்குச் சிரிப்பு வந்தது. கோபமும் வந்தது.

அவருக்குத் தொல்லையாக இருந்தது சீடியில் பெயர் எழுதுவதுதான். எங்கள் கடற்காற்றில் ஒட்டிய காகிதம் கொஞ்ச நாளில் உரியும். உரிந்தது ஓடுகிற பெட்டிக்குள்ளேயே சுருண்டு மாட்டிக்கொள்ளும். மார்க்கர் பேனையால் எழுதினால் கைவியர்வையில் மங்கிப்போகும். அந்த நேரத்தில் துபாயிலிருந்த என் மச்சான் ஒரு சின்ன லேசர் இயந்திரம் அனுப்பியிருந்தான். பொழுதுபோக்குக்கு வாங்குகிற வகை. துண்டு துண்டாக வரும், நாமே பூட்டிக்கொள்ள வேண்டும். சோற்றுப் பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய சட்டம், அதில் முன்னும் பின்னும் ஓடும் ஒரு தலை, தலையின் நுனியில் நீல ஒளி. பலகைத் துண்டில் என் பெயரை எரித்து வைத்துக்கொண்டு வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினேன்.

"இது சீடியில எழுதுமா தம்பி?" என்று கேட்டார்.

எழுதும் என்றேன். செய்து பார்க்காமலே எதற்கும் ஓம் சொல்வது என் வழக்கம். பழைய பாட்டுச் சீடி ஒன்றின் மேற்பக்கத்தில் ஒரு தாமரைப் பூ போட்டேன். பூ நன்றாக வந்தது. பாட்டுப் போய்விட்டது. சீடியில் பதிவு இருப்பது அந்த மேற்பூச்சுக்கு நேர்கீழே, முடி பருமன் ஆழத்தில்தான் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

வழியைக் கண்டுபிடித்தவர் ராத்தா. நடுத் துளையைச் சுற்றி ஒரு விரலகலத்துக்குப் பதிவே இல்லாத, கண்ணாடிபோலத் தெளிந்த வளையம் இருக்கிறது. அந்த இடத்தில் கறுப்பு மார்க்கரைப் பூசினார். லேசரைக் குறைந்த பலத்தில் மெதுவாக ஓடவிட்டார். பிறகு ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்தார். கறுப்புப் போய், எழுத்து மட்டும் பிளாஸ்டிக்கில் நின்றது. விரலால் தடவினால் தட்டுப்படும். எங்கள் எழுத்தின் சுழிகள் உருகி அடைபட்டுப் போகாமலிருக்க ஒவ்வொரு எழுத்தையும் கொஞ்சம் அகட்டி வரைந்தார். செம்மஞ்சள் பாதுகாப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, முக்காட்டை இறுக்கிக்கொண்டு அவர் இயந்திரத்துக்கு முன் இருப்பதைப் பார்க்கப் பாடசாலை ஆய்வுகூடத்து மிஸ்போல இருக்கும். ஒரே ஒரு மாதத்தில் என்னுடைய இயந்திரத்தில் எனக்கே வேலை இல்லாமல் போய்விட்டது. அந்த எரிச்சலும் எனக்குள் இருந்திருக்க வேண்டும்.

அவர் போட்ட பெயர்களில் சில எனக்கு விளங்கவில்லை. "உம்மா, சவுதியிலிருந்து" என்று இருக்கும், சரி. "வாப்பாவின் பேச்சு" என்று இருக்கும், அதுவும் சரி. இடையில் திடீரென்று "நெல் விதைப்பு அறிவுரை" என்று ஒன்று வரும். "ஆங்கிலம் பேசப் பழகுவோம்" என்று ஒன்று. "தையல் வகுப்பு" மட்டும் எத்தனையோ.

"என்ன ராத்தா, கிண்ணியாவில எல்லாரும் தையல் படிக்கினமோ?"

சிரித்தார். பதில் சொல்லவில்லை. நானும் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் ஒரு சின்னப் பிள்ளைக்கும் விளங்கியிருக்கும். வீட்டில் யாரும் எடுத்துப் போட்டுக் கேட்கக்கூடாத குரல்களுக்கு அந்தப் பெண்களே கேட்டுப் போடுவித்த பெயர்கள் அவை. தையல் வகுப்பை எந்த ஆம்பிளை எடுத்துக் கேட்கப் போகிறான்?

அன்றைக்கு அவர் கண் கிளினிக்குக்குப் போக வேண்டியிருந்தது. போகும்போது மேசையில் ஒரு சீடியை வைத்தார். "தையல் வகுப்பு, பாகம் 3" என்று வளையத்தில் எழுதியிருந்தது.

"இத எடுக்க ஆள் வரும் தம்பி. குடுங்க. வேற ஒண்டும் கதைக்க வேணாம்."

ஓம் என்றேன். அவர் போய்ப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. ஏழு வருடமாக அரித்துக்கொண்டிருந்த ஆசை. கணினியில் அந்தப் பதிவைத் திறந்து ஹெட்போனை மாட்டினேன்.

தையலும் இல்லை, வகுப்பும் இல்லை. ஓர் இளம் தாயின் குரல். "மகன், உம்மா கதைக்கிறன். சோறு திண்டீங்களா? தங்கச்சிக்கு அடிக்கக் கூடாது. உம்மா வரும்போது சைக்கிள் வாங்கிட்டு வருவன்" என்று சொல்லிக்கொண்டே போனது. இடையில் ஒரு தாலாட்டு. எனக்குக் கண் கலங்கிவிட்டது. இவ்வளவு அருமையான ஒன்றுக்கு இந்த மனுசி தையல் வகுப்பு என்று பெயரை மாற்றிப் போட்டுவிட்டாரே, கண் மங்கித்தான் போய்விட்டது என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன் என்று இவ்வளவு நாளும் எனக்கே சொல்லி வருகிறேன். உண்மையில், நான் கேட்டுவிட்டேன் என்று யாருக்காவது காட்ட வேண்டியிருந்தது.

கசெட்டின் முதற்பக்கத்தில் பாதிதான் கேட்டிருப்பேன். நிறுத்திவிட்டுப் புதுச் சீடி ஒன்றில் முழுவதையும் எழுதினேன். வளையத்தில் கறுப்புப் பூசி, லேசரை ஓடவிட்டு, "உம்மாவின் குரல், பிள்ளைகளுக்கு" என்று பதித்தேன். எழுத்துக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு பூ. பழையதை இரண்டாக முறித்துக் குப்பைக் கூடையில் போட்டேன்.

எடுக்க வந்தது மகன். முப்பதுக்குக் கிட்ட வயதிருக்கும், ஓட்டோ ஓடுகிறவர். "உம்மாட தையல் சீடி ஒண்டு தந்திருக்காவாம்" என்றார்.

"தையல் இல்ல தம்பி. உங்கட உம்மாட குரல். சின்னனில உங்களுக்குக் கதைச்சு அனுப்பினது. நானே அழுதிட்டன்."

அவர் வளையத்தில் இருந்த எழுத்தை விரலால் தடவிப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. "தங்கச்சிக்கு அடுத்த கிழமை கலியாணம். எல்லாரும் வீட்ட நிக்கிறாங்க. போட்டுக் காட்டுறன்" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அந்தச் சந்தோசத்தில் நான் மத்தியானம் கூடச் சாப்பிடவில்லை.

அடுத்த நாள் ராத்தா வந்ததும் கூடையைக் கண்டார். இரண்டு துண்டையும் எடுத்துப் பொருத்திப் பார்த்தார்.

"ஆர் வந்தது?"

"மகன்."

"என்ன சொன்னீங்க?"

"ஒண்டும் சொல்லேல்ல ராத்தா. எழுத்து வடிவில்லை எண்டு வேற அடிச்சுக் குடுத்தனான்."

என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். உடனே அந்தத் தாய்க்குப் போன் எடுத்தார். அங்கே யாரும் எடுக்கவில்லை. மறுபடியும் அடித்தார். பிறகு, "அந்தப் பேர் அவ கேட்டுப் போட்டது தம்பி" என்று மட்டும் சொல்லிவிட்டு ஹெட்போனை மாட்டிக்கொண்டார். அன்று முழுக்க எந்தக் கசெட்டும் ஓடவில்லை.

ஒரு மாதம் கழித்துத்தான் அந்தத் தாய் வந்தார். அறுபதுக்குக் கிட்ட, மெலிந்த உருவம். நேரே பின்பாதிக்குப் போனார். நான் அலுமாரிக்கு இந்தப் பக்கம், ஒரு போனைத் திறந்து வைத்தபடி இருந்தேன்.

"தங்கச்சி, நான் என்ன பேர் போடச் சொன்னனான்?"

"தையல் வகுப்பு எண்டு" என்றார் ராத்தா.

"பின்ன? கலியாணம் முடியட்டும் எண்டுதான் இவ்வளவு நாளும் வராம இருந்தனான். என்ட மகன் எல்லாரையும் கூப்பிட்டு வெச்சுப் போட்டான். மருமகன்ட ஆக்களும் இருந்தாங்க. முதல் பக்கம் கேட்டு எல்லாரும் அழுதாங்க. நான் குசினிக்குள்ள சமையலில நிண்டனான். ஓடி வாறதுக்குள்ள மற்றப் பக்கம் துவங்கிட்டு."

மற்றப் பக்கம் பிள்ளைகளுக்கு அல்ல. தன் தங்கைக்கு மட்டும் என்று பேசியது. வெளிநாட்டில் தான் வேலை செய்த வீட்டுக்காரி சூடான ஸ்திரிக்கைப் பெட்டியைக் கையில் வைத்ததையும், பட்டினி போட்டதையும் அதில் சொல்லியிருந்தார். ஊருக்குத் திரும்பி வரவேண்டும் என்று கணவருக்கு இரண்டு தரம் சொல்லியும், வீட்டுக்குக் கூரை போட்டு முடியும்வரை இருக்கட்டும் என்று அவர் மறுமொழி அனுப்பியதையும் சொல்லியிருந்தார். தங்கை இறந்தபின் அவருடைய பெட்டியிலிருந்து அந்தக் கசெட் திரும்பி வந்திருக்கிறது.

"கையில உள்ள தழும்ப எண்ணெய் பட்டது எண்டு சொல்லித்தான் வளத்தனான். எறிஞ்சிருக்கலாம் தங்கச்சி. எறிய மனம் வரேல்ல. அண்டைக்கு நான் அழுதத ஒருத்தியாவது கேட்டாளே எண்டு ஆசையா வெச்சிருந்தனான். அவங்கட வாப்பா மவுத்தாகி ஒன்பது வருசம். என்ட மகன் ஒரு வெள்ளிக்கிழமையும் தவறாம ஜும்ஆ முடிஞ்சதும் வாப்பாவ அடக்கின கபுறடிக்குப் போவான். இப்ப நாலு வெள்ளி போயிட்டு. அவன் போகேல்ல."

அலுமாரிக்கும் சுவருக்கும் இடையில் ஒரு விரல் இடைவெளி இருந்தது. அதனூடே ராத்தாவைப் பார்த்தேன். அவர் அந்தத் தாயைப் பார்க்கவில்லை. அலுமாரியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"உங்கள நம்பித்தானே தந்தன். ஒரு வார்த்தயாவது சொல்லுங்களன்" என்றார் அந்தத் தாய்.

ராத்தா ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. நான் குனிந்து ஒரு திருகாணியைப் பூட்டினேன், கழற்றினேன், மறுபடியும் பூட்டினேன். இரண்டு அடி எடுத்து வைத்தால் போதும். என் கால் எழும்பவில்லை. அந்தத் தாய் அழுதுகொண்டே என் மேசையைக் கடந்து வீதிக்குப் போனார். என் பக்கம் திரும்பவே இல்லை.

கசெட் மனுசி கேட்ட கதையை ஊருக்கு விட்டுவிட்டாள் என்று கிண்ணியா முழுக்கப் பரவியது. ஒரு சொல் வெளியே விடாத அந்த வாய்க்கு வந்த பெயர் அது. கசெட்டுகள் வருவது நின்றது. ஏற்கெனவே தந்தவர்களும் திருப்பி வாங்கிக்கொண்டு போனார்கள். சிலர் பதியாமலே கடற்கரையில் வைத்து எரித்தார்களாம். நாலு மாதத்தில் ராத்தா பின்பாதியைக் காலி செய்தார். நான் சாமான்களைத் தூக்கிக் கொடுத்தேன். தூக்கிக் கொடுக்க வெட்கமாக இருந்தது, கொடுக்காமல் நிற்கவும் வெட்கமாக இருந்தது. "உங்களுக்குக் கரைச்சல் தம்பி" என்று சொல்லி பஸ் ஏறினார்.

அவர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை, எனக்காகப் பழியை ஏற்றுக்கொண்டார் என்றே மூன்று வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். நினைக்க நினைக்க அதில் எனக்கு ஒரு பெருமைகூட வந்தது. எவ்வளவு அன்பு என்மேல், பார் என்று. போன மாதம், நன்றி சொல்வதற்கென்று அவருடைய வீட்டைத் தேடிப் போனேன். கிண்ணியாவில் குறிஞ்சாக்கேணிப் பக்கம், ஓர் ஒழுங்கைக்குள் வீடு. முற்றத்தில் பாயை விரித்து மிளகாய்த்தூள் பைக்கற்று அடைத்துக்கொண்டிருந்தார். தேத்தண்ணி தந்தார். எனக்குத் தும்மல் நிற்கவில்லை. அவருக்குச் சிரிப்பு.

கடைசியில் சொன்னேன். "ராத்தா, அண்டைக்கு நான்தான் மாத்தினது எண்டு அவவுக்கு நான் சொல்லியிருக்கோணும்."

"ஓம்" என்றார்.

"நீங்க என்னைக் காப்பாத்தினீங்க. தம்பிதான் செய்தது எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா உங்கட தொழில் போயிருக்காது."

பைக்கற்று அடைத்த கை நின்றது. "காப்பாத்தவோ? ஆர் சொன்னது? அது உங்கட கதை தம்பி. மற்ற ஆக்கள்ற கதைய நான் எப்பிடிச் சொல்லுறது? நீங்க எழும்பி வந்து சொல்லுவீங்க எண்டுதான் அலுமாரியப் பாத்துக்கொண்டு நிண்டனான்."

தும்மலும் நின்றுவிட்டது. தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டேன், "இப்ப போய்ச் சொல்லட்டோ?"

"அதையும் என்னட்டயோ கேக்கிறீங்க?"

வெளியே வந்தேன். அந்தத் தாயின் வீடு பஸ் வீதியில், நாலாவது வாசற்படலை. வரும்போதே விசாரித்து வைத்திருந்தேன். அவர் படலையடியில் விளக்குமாற்றோடு நின்றார். முழங்கைக்குக் கீழே அந்தத் தழும்பு தெரிந்தது. என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

"ஆரத் தேடுறீங்க மகன்?"

"டவுனுக்கு பஸ் எத்தின மணிக்கு?" என்று கேட்டேன்.

"இப்ப வந்திரும். வெயிலுக்க நிக்காதீங்க, இஞ்ச நிழலுக்க வாங்க" என்று எனக்கு இடம் விட்டு ஒதுங்கினார்.

பஸ் வரும்வரை அவருடைய வீட்டு நிழலில் நின்றேன். வந்ததும் ஏறிவிட்டேன்.